தட்டிப் பார்த்து வாங்கிய முதுகெலும்பு

என் செல்ல நைனாவுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியது. அம்மாவும் நானும் கூடி, இரண்டு சுற்று டீக்குப் பிறகு, உன் பிளாஸ்டிக் நாற்காலியை எதிர்வீட்டுத் தணிகாசலத்துக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். எதிர்த்து வாக்களிக்க நீ இல்லை.

எழுந்திருக்கச் சுலபமாக இருக்கட்டுமென்று நீ நான்கு கால்களிலும் கட்டை வைத்து போல்ட் போட்டாயே, அந்த நாற்காலிதான். இப்போது அவருக்கும் உன் நோய், புற்று. அதுவும் முதுகெலும்பில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

உனக்கு ஆபரேஷன் பேசிய நாள் நினைவிருக்கிறதா? இது நோயைத் தீர்க்காது, அரித்துப்போன எலும்புக்கு மேலும் கீழும் திருகாணி போட்டுக் கம்பியால் இணைப்போம், வலியில்லாமல் உட்காரலாம் என்றார் டாக்டர். டைட்டானியம் ஒன்று, கறுப்பாகக் கார்பன் இழை ஒன்று என இரண்டு கம்பிகளை மேசைமேல் வைத்தார். கார்பன் என்றால் ஸ்கேனில் மறைக்காது, பிறகு கதிர்வீச்சு, அதாவது கரண்ட், வைக்கவும் வசதி என்று பொறுமையாக விளக்கினார்.

நீ துறைமுகத்து ஃபிட்டர். கிரேன் போல்ட்டைச் சுத்தியலால் தட்டிக் காதாலேயே விரிசல் கண்டுபிடிக்கிறவன். இரண்டு கம்பியையும் எடுத்து மேசை விளிம்பில் தட்டினாய்.

"கறுப்புல சத்தமே வர்ல சார். செத்த சாமான். இத்தக் கேளுங்க, பேசுது. இதான் நமக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு நாளாகக் கட்டுரை கட்டுரையாகப் படித்திருந்தேன். அவர் சொன்னதுதான் சரியென்று எனக்குத் தெரியும். உன் முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு ஒரு வேலைக்காரனின் தெளிவு வந்திருந்தது. நீ கேட்ட கம்பிக்கே கையெழுத்துப் போட்டேன்.

நீ உட்கார்ந்தாய் நைனா. ஏழு மாதம், வாசலில், எண்ணூர் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் சத்தத்தை வைத்து எதில் எந்த நட்டு லூஸ் என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டு. டீக்கடை காசிம் பாய் உன்னைச் சீண்டுவார்: "இன்னா நைனா, காயலான்கடைக்காரன் உன்னயே பாத்துகினு போறான்." "மொதல்ல உன் பாய்லரப் போட சொல்லு பாய், அதான் ஓட்டை," என்பாய்.

மறுபடி வலி வந்து ஸ்கேன் எடுத்தபோது, திருகாணியைச் சுற்றி உலோகத்தின் ஒரே வெள்ளை வெளிச்சம். அதற்குள் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பிடிபடுவதற்குள் உன் கால் மரத்துவிட்டது. கார்பன் போட்டிருந்தால், என்று கேட்டேன். கொஞ்சம் முன்னால் தெரிந்திருக்கலாம் என்றார் டாக்டர். கொஞ்சம் என்றால் எத்தனை நாள் நைனா? அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எலும்பு பொறுக்கப் போனபோது சுடுகாட்டில் திருகாணிகளையும் கம்பியையும் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். காசிமேட்டில் அஸ்தியோடு கரைக்கலாமென்று அதையும் எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்மே. யார் வலையிலயாவது மாட்டும். அந்த மனுசன் யாருக்கும் பேஜார் குடுத்ததில்ல."

அவை உன் டூல்ஸ் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். இன்னும் பேசுகிறது.

தணிகாசலத்தின் ஆபரேஷனுக்கு முன் அவர் மனைவி வந்து, உங்கப்பாவுக்கு எதைப் போட்டீங்க, அதையே போடச் சொல்கிறோம் என்றாள். ஏழு மாதம் நீ வாசலில் உட்கார்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ தட்டிப் பார்த்ததை, நான் வாயை மூடிக்கொண்டதை, அந்த வெள்ளை வெளிச்சத்தை. உன்னைக் குறை சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே.

இனி யார் வந்து கேட்டாலும் அப்படியே சொல்வேன். வருஷத்துக்கு ஒருமுறை உன் திருகாணிகளுக்கு எண்ணெயும் போடுவேன். டைட்டானியம் துருப்பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். உன் பெட்டியில் எண்ணெய் காணாத சாமான் இருந்ததில்லை.

தணிகாசலத்துக்குக் கறுப்புக் கம்பிதான் போட்டார்கள். நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். படம் தெளிவாக விழுந்திருக்கிறது. திங்கட்கிழமை கரண்ட் வைக்கத் தொடங்குகிறார்கள்.

கையெழுத்துப் போட்ட
உன் மூத்த பொண்ணு