ஐந்தாம் வார்த்தைக்கு ஒரு படம்

மார்ச் 16, ஞாயிறு

காற்று, தூசி. கார்மேல் மகரந்தம் மஞ்சளாக அப்பிக் கிடக்கிறது. மூக்கு ஒழுக ஒழுக ஆராதனை.

இன்று சபையில் ‘கலைத் தாலந்து ஞாயிறு’. ஹூஸ்டனிலிருந்து ஒரு சிறப்புச் செய்தியாளர். சபைகளில் ஒட்டாமல் ஒதுங்கி நிற்கும் கலைஞர்களை ஊக்கப்படுத்த வந்தாராம். அப்படி ஒதுங்கி நிற்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். கூட்டத்தில் கை தூக்குகிற ஆள் எதற்கு ஒதுங்கப் போகிறாள்? நான் தூக்கவில்லை. எட்வின் முழங்கையால் இடித்தார். அதோடு விட்டாரா, "பிரதர், என் ஒய்ஃப் நல்லா பெயின்ட் பண்ணுவாங்க" என்று சத்தமாக வேறு. எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இந்த மனிதரை இவ்வளவு வெறுத்ததில்லை.

செய்தியின் சாரம்: கடவுள்தான் முதல் கலைஞர். ஆகவே நீங்கள் வாட்ஸ்அப்புக்குப் போஸ்டர் டிசைன் பண்ணுங்கள். நடுவில் அந்த ‘ஆகவே’ எப்படி வந்தது என்று கடைசிவரை விளங்கவில்லை.

முடிந்ததும் பாஸ்டர் வந்தார் (இனி பா. — முழுசாக எழுத மனசில்லை). "சிஸ்டர், உங்களை நாங்க சரியா யூஸ் பண்ணிக்கல. இனிமே பண்ணிப்போம்." கராஜில் தூசி படிந்து கிடக்கும் டிரெட்மில்லைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்.

சபைக்காக இதுவரை நான் படைத்த கலை:
— தெர்மோகோல் எழுத்துகள், எல்லாப் பண்டிகைக்கும்.
— வி.பி.எஸ். (பிள்ளைகளின் விடுமுறை பைபிள் வகுப்பு) ஒட்டகச்சிவிங்கி. (கழுத்து நீளம் என்று புகார்.)
— மாட்டுத் தொழுவம். கோணி, வைக்கோல்.
— கிறிஸ்மஸ் நாடகத்தில் ஞானிகளுக்கு மீசை.

இப்போது பெரிய வெள்ளிக்குப் படம் வேண்டுமாம். மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பேசுவார்கள். இந்த வருடம் ஐந்தாம் வார்த்தை, ‘தாகமாயிருக்கிறேன்’, எட்வினுக்கு. அதற்கே வரையச் சொன்னார்.

"வரையறேன் பாஸ்டர். ஆனா படத்துமேல பைபிள் வசனம் எழுத மாட்டேன். வேற யாரும் எழுதவும் கூடாது."

சிரித்தார். "நீங்க முதல்ல வரைங்க சிஸ்டர்."

காரில் எட்வின்: "அதான் சரின்னுட்டாரே." அவர் சரி என்று சொல்லவே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஆபீஸ். ரிச்சர்ட்சன் டிராஃபிக். வரும் வழியில் கொத்தமல்லி, தயிர், இட்லி ரவா. கொத்தமல்லி வீட்டுக்கு வந்து பார்த்தால் அழுகல்.

சுற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வசனம் இல்லாத சுவர் இல்லை. கடிகாரத்துக்குள் வசனம். காலண்டரில், ஃப்ரிட்ஜ் காந்தத்தில், காரின் பின்கண்ணாடியில். போன வருடம் ஒரு பிறந்தநாள் கேக்கில் இடம் பற்றாமல் வசனத்தின் கடைசி வார்த்தையைப் பக்கவாட்டில் எழுதியிருந்தார்கள். நம் ஜனங்களுக்கு ஒரு படத்தைச் சும்மா பார்க்கத் தெரியாது. எழுத்து இருந்தால்தான் அது பரிசுத்தம். இல்லாவிட்டால் சந்தேகம்.

எனக்கும் விசுவாசம் உண்டு. இதை எழுதி வைக்க வேண்டியிருப்பதே எரிச்சலாக இருக்கிறது.

என்ன வரைவது என்று தெரிந்துவிட்டது. வாய் மட்டும். முகம் கிடையாது, முள்முடி கிடையாது. வெடித்த உதடு, உள்ளே காய்ந்த நாக்கு. கதவளவு அகலத்துக்கு.

மார்ச் 29, சனி

ஆலங்கட்டி மழை எச்சரிக்கை. மத்தியானமே வானம் பச்சையாகிவிட்டது.

எட்வின் காரைக் கராஜுக்குள் விடவேண்டும். என் கான்வாஸ் கராஜில், பாதிதான் முடிந்திருக்கிறது. "படமா, காரா?" என்று கேட்டார். நானே ஒருபக்கம் தூக்கி, மகள் ஜோவானா மறுபக்கம் பிடித்து, ஹாலுக்குக் கொண்டுவந்தோம். ஜோவானா நின்று பார்த்தாள். "மாம், இட்ஸ் கைண்ட் ஆஃப் மெட்டல்." பாராட்டுதானாம். இந்த ஊரில் இந்தப் படத்துக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

ஆலங்கட்டி விழவேயில்லை. கார் பத்திரமாக இருக்கிறது.

ஆயில் பெயின்ட்டைக் கத்தியால் தடிமனாகப் போட்டிருக்கிறேன், முக்கியமாக உதட்டில். காய மாதக்கணக்காகும். யாரும் தொடாமல் இருந்தால் சரி.

ஏப்ரல் 5, சனி

எட்வின் என்னைக் கேட்காமல் படத்தை போட்டோ எடுத்துக் கமிட்டி குரூப்பில் போட்டுவிட்டார். "ஃபீட்பேக் கிடைக்கும்ல?" கிடைத்தது.

— முகம் எங்கே?
— குழந்தைகள் வருவார்கள், பயப்படும்.
— டென்டல் கிளினிக் விளம்பரம் மாதிரி இருக்கு (சிரிப்புப் பொம்மையோடு).
— பிரெய்ஸ் தி லார்ட். கொஞ்சம் லைட் கலர் போடலாமே.
— வசனம் எங்கே?

கடைசிக் கேள்வி ஷீலா அக்காவுடையது. பெண்கள் ஐக்கியத்துக்கு அவர்தான் தலைவி. புதிதாக ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார். வாங்கிய நாளிலிருந்து சபையின் தண்ணீர் பாட்டில், பைபிள் கவர், குப்பைத் தொட்டி எல்லாவற்றிலும் சபை இந்த வருடத்துக்கென்று எடுத்துக்கொண்ட வாக்குத்தத்த வசனம் தங்க எழுத்தில் மின்னுகிறது. தண்ணீர் நிறைந்த தோட்டத்தைப் பற்றிய வசனம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு கமிட்டி. பெரிய பிரச்சினை முதலில்: பெரிய வெள்ளிக் கஞ்சிக்குத் துவையலா, ஊறுகாயா. அரைமணி நேரம். பிறகு என் படம்.

ஷீலா அக்கா: "நான் தப்பா சொல்லல ஜெயா. ஒரே ஒரு வசனம். கீழ ஓரமா. அப்பதான் இது ஜீசஸ்னு தெரியும். இல்லன்னா யார் வாய்னு நினைப்பாங்க?"

"யார் வாய்னு வேணாலும் நினைக்கட்டும்கா."

"அதுக்கு சர்ச் எதுக்கு?"

பா. கையை உயர்த்தினார். "சிஸ்டரை டிஸ்கரேஜ் பண்ண வேண்டாம். நாம கலைஞர்களை என்கரேஜ் பண்ற சபை. வசனம் இல்லாமலே வைப்போம்." எல்லோரும் ஆமென். எட்வினின் ஆமென் எல்லாவற்றையும்விடச் சத்தம்.

காரில் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "அந்தப் படத்துமேல ஒரு எழுத்து விழுந்தாலும் அந்த சபைக்கு நான் வரமாட்டேன். நீங்க உங்க மகளைக் கூட்டிட்டுப் போங்க. நான் எங்கயும் போகல, வீட்டுல இருப்பேன்."

"யாரு எழுதப் போறா, நான் இருக்கேன்ல" என்றார்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வெயில். ஜோவானா குருத்தோலையில் சிலுவை மடக்கத் தெரியாமல் வெட்டுக்கிளி மாதிரி ஏதோ மடக்கினாள்.

படத்தைக் கொண்டுபோய் சபை ஹாலின் பின்னறையில் வைத்தோம். நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ரோஸ்லின் அக்கா உள்ளே வந்தார். கணவரைப் போன வருடம் பிளேனோ ஆஸ்பத்திரியில் இழந்தவர். அதற்குப் பிறகு யாரோடும் பேசுவதில்லை, கடைசி வரிசை. படத்தின் முன்னால் நின்றார். நல்லதாக நாலு வார்த்தையை நான் எதிர்பார்க்கலாமா? இருந்தாலும் எதிர்பார்த்தேன்.

"இதை எதுக்கு வரைஞ்ச?"

"ஐந்தாம் வார்த்தைக்கு அக்கா."

"அவருக்குக் கடைசில வாய் இப்படித்தான் இருந்துச்சு. தண்ணி குடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. குச்சில ஸ்பாஞ்ச் வச்சுக் குடுத்தாங்க, அதை நனைச்சு நனைச்சு வச்சேன். நாலு நாள். நான் மறக்கணும்னு பாக்கறேன், நீ கதவு சைஸுக்கு வரைஞ்சு வச்சிருக்க."

"தெரியாதுக்கா" என்றேன்.

"எனக்குப் பிடிக்கல. சுத்தமா பிடிக்கல." கதவை அறைந்துவிட்டுப் போனார்.

இவர் ஒருவர்தான் இதுவரை படத்தை நிஜமாகப் பார்த்திருக்கிறார். அவர் என்னைத் திட்டுகிறார். பார்க்காதவர்கள் ஊக்கப்படுத்துகிறார்கள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ். தலைவலி.

எட்வின் ஹாலைத் திறந்துவிடப் போனார். ஏழு மணிக்கு வந்தவர் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். "எல்லாம் ரெடியா?" "ம்." "படம் வச்சாச்சா?" "ம்." நாளைய குறிப்பைப் பார்க்கவேண்டும் என்று எழுந்துபோனார். ரசம் அப்படியே இருந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

எழுத வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் கெட்ட வார்த்தைதான் வரும்.

பதினொன்றே முக்காலுக்கு ஹால். எல்லோரும் வெள்ளை உடையில். சமையலறையிலிருந்து கஞ்சி வாசனை. மேடைக்குப் பக்கத்தில் ஈசல் ஸ்டாண்டில் என் படம். உதட்டின் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, தங்க ஸ்டிக்கர் எழுத்தில் வாக்குத்தத்த வசனம். தண்ணீர் நிறைந்த தோட்டம். தாகத்தில் வெடித்த வாயின் மேல்! ஓரமாகக்கூட இல்லை. ஈரப் பெயின்ட்டில் நன்றாக அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள்.

எட்வினைப் பார்த்தேன். அவர் குறிப்பைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்."

"நேத்து ஷீலா அக்கா ஒட்டிட்டு இருந்தாங்க. பாஸ்டரும் நின்னாரு. எல்லார் முன்னாடியும் எப்படி நோ சொல்றது ஜெயா?"

"வாயைத் திறந்து சொல்றது."

"கீழ நழுவிடும்னு நான்தான் லெவல் பிடிச்சேன். நேரா வரட்டும்னு." இதைச் சமாதானமாகச் சொன்னார் மனிதர்.

கார் சாவி அவர் பேன்ட் பாக்கெட்டில். இல்லையென்றால் அங்கேயே போயிருப்பேன். ஜோவானாவை இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே ரோஸ்லின் அக்கா. நடுவில் ஒரு நாற்காலி காலி.

முதல் நான்கு வார்த்தை காதில் விழவில்லை. ஷீலா அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். நன்றி எதிர்பார்க்கிறார்! உண்மையிலேயே எதிர்பார்க்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஐந்தாம் வார்த்தை. எட்வின் போனார். தொண்டையைச் செருமினார். தாகம் இருவகைப்படும், சரீரத் தாகம், ஆவிக்குரிய தாகம் என்று ஆரம்பித்தார்.

ரோஸ்லின் அக்கா எழுந்தார். பாத்ரூம் போகிறார் என்று நினைத்தேன். நடு வழியாக நேரே முன்னால் போய்ப் படத்தின் எதிரில் நின்றார். நகத்தால் முதல் எழுத்தைக் கீறினார். வரவில்லை. இன்னும் கீறினார். எழுத்து உரிந்து வந்தது, கூடவே சிவப்புப் பெயின்ட்டும்.

எட்வின் மைக்கில்: "சிஸ்டர்... சிஸ்டர்..."

பா. எழுந்தார். ஷீலா அக்கா, "ரோஸ்லின், என்ன பண்றீங்க, அது வசனம்!" என்றார்.

"வாய்மேல எழுதாதீங்க" என்றார் ரோஸ்லின் அக்கா. கத்தவில்லை. திரும்பவும் இல்லை. "தண்ணி குடுக்க முடியலன்னா சும்மா இருங்க. வாய்மேல எழுதாதீங்க."

அடுத்த எழுத்து, அதற்கடுத்தது. ஈசல் ஆட ஆரம்பித்தது. எட்வின் மேடையிலிருந்து இறங்கினார். தடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஈசலின் பின்னால் போய்ச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். படம் ஆடுவது நின்றது. அவர் உரை அதோடு முடிந்தது. அக்கா கடைசி எழுத்தை உரிக்கும்வரை மொத்த ஹாலும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எதையும் பார்க்க வழியில்லை.

பிறகு பா. ஒரு பாட்டு அறிவித்தார். ஆறாம் வார்த்தை. ஏழாம் வார்த்தை. கஞ்சி. துவையல். ஷீலா அக்கா பாத்திரம் கழுவும் இடத்தில் அழுதுகொண்டிருந்தார். நான் போகவில்லை.

பா. வந்தார். "அவங்க துக்கத்துல இருக்காங்க சிஸ்டர். தப்பா எடுத்துக்காதீங்க." எனக்கு ஆறுதல் சொல்கிறாராம். இத்தனை வருடத்தில் அந்த ஹாலில் நடந்த ஒரே ஒழுங்கான காரியம் அது. அதைத்தான் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம்.

படத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். கீழ் உதடு பாதி போய்விட்டது. எழுத்து இருந்த இடமெல்லாம் வெறும் கான்வாஸ்.

ஏப்ரல் 19, சனி

மேகம். பாத்திரம் தேய்க்கவில்லை.

எட்வின் மூன்று தடவை ஸாரி சொன்னார். நான் ஒரு தடவையும் பதில் சொல்லவில்லை. நாளை ஈஸ்டர். அவரும் ஜோவானாவும் போகட்டும். நான் சொன்னது சொன்னதுதான்.

குரூப்பில் பா.வின் செய்தி: அடுத்த மாதம் ‘கலைஞர்களோடு ஒரு மனந்திறந்த உரையாடல்’. ஸ்நாக்ஸ் உண்டு. குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் போன். ரோஸ்லின் அக்கா. இதற்கு முன்னால் எனக்கு அழைத்ததே இல்லை.

"படம் எங்க?"

"வீட்டுலதான்கா. ஹால்ல சாச்சு வச்சிருக்கேன்."

"ரொம்பப் போயிடுச்சா?"

"கீழ் உதடு பாதி."

"என் நகத்துல இன்னும் இருக்கு. போகமாட்டேங்குது."

"பேபி ஆயில் தேய்ங்கக்கா."

குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"திரும்பப் போடுவியா?"

"சபைக்கு இனிமே எதுவும் வரையப் போறதில்லக்கா."

"சபையை யாரு கேட்டா? அந்தக் கீழ் உதட்டை நடுவுல வெடிச்ச மாதிரி போட்டிருந்த. அவருக்கு நடுவுல இல்ல, ஓரத்துல. இடது ஓரத்துல. வாயைத் திறந்தாலே ரத்தம் வரும். போடறதுன்னா சரியா போடு. நான் வந்து பாக்கமாட்டேன்." வைத்துவிட்டார்.

டர்பன்டைன் கொஞ்சம்தான் இருந்தது. போதும். பழைய டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கத்தியைத் துடைத்தேன். சிவப்பு, கொஞ்சம் பழுப்பு. கான்வாஸ் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. யாருக்கு இடது? பார்க்கிறவருக்கா?

திரும்ப அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். கேட்டேன்.

"அவருக்கு இடது" என்றார். "நான் அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன்."