டைகரின் விரதம்

5.10.1991, சனிக்கிழமை

எதிர் குவார்ட்டர்ஸ் சரோஜாவின் நாய் இன்றும் என் பின்வாசலில் நுழைந்து, என் பூனைக்கு வைத்த மணல் தொட்டியைக் கிளறிப் பூனைப்பீயைத் தின்றுவிட்டது. தொட்டியைப் பலகை போட்டு மூடினால் பூனை சமையலறையில் பேண்டு வைக்கிறது.

இதைச் சொல்லப் போனேன். "உன் நாய்" என்று தொடங்கியதுமே, வாசலில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்: "எங்க டைகரு புரட்டாசி முச்சூடும் தயிர்சாதம்தான் துன்னுது. உன் பூனைதான் மீனத் துன்னுட்டு நாறிக்கினு கீது!"

நாயைப் பட்டினி போட்டு இவள் புண்ணியம் தேடுகிறாள். நான் மணல் மாற்றிச் சாகிறேன்.

பேச்சோடு பேச்சாக அதைத் தூக்கிக் கொஞ்சினாள். அது அவள் உதட்டை நக்கியது. அதன் மூக்கில் என் தொட்டி மணல் இன்னும் ஒட்டியிருந்தது. மீன் தின்ற பூனையின் தொட்டி. அவள் விரதமும் போயிற்று. சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீடு திரும்பினேன்.

நாளை முதல் பலகை வேண்டாம். தொட்டி திறந்தே கிடக்கட்டும்.