கமெண்ட் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன்

சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வராத என் சரவணா,

போவதற்கு மட்டும் உனக்கு ஏன்டா அவ்வளவு அவசரம்? காய்ச்சல் என்று உன் ஊர் கோவளத்துக்குப் போனாய். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிடுவேன் என்றாய். வரவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இன்று சண்டை போட எழுதவில்லை. இங்கே ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் ப்ளாகில்தான் எழுதுகிறேன், படிக்கிறவர்களும் படிக்கட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் சரவணனும் தாம்பரம் பக்கத்தில் ஒரே கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தோம். தொழில்முனைவு வகுப்புக்கு வந்த சார் பரீட்சை வைக்கவில்லை. "ஏதாவது ஒண்ணு செஞ்சு பாருங்க. என்ன கத்துக்கிட்டீங்கன்னு வாராவாரம் ப்ளாக்ல எழுதுங்க. தப்பையும் சேர்த்து எழுதுங்க" என்றார். மழைக்காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று போனுக்குச் சொல்லும் ஒரு கருவியைச் செய்யலாம் என்று இறங்கினோம். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கம்பம் நட்டு அதை மாட்டினோம். சால்டரிங் என் வேலை, எழுத்து அவன் வேலை.

கம்பத்தடியில் மாடு நின்ற நாள் ஞாபகம் இருக்கிறதா, மச்சான்? கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே பார்த்து அளக்கும் நம் சென்சாருக்கு மாட்டின் முதுகும் மழைத்தண்ணீரும் ஒன்றாகவே தெரிந்தன. மண்டை பிளக்கும் வெயிலில், தெருவில் மார்பளவு வெள்ளம் என்று செய்தி அனுப்பியது. நான் அதைக் கழற்றி எறியப் போனேன். நீயோ மாட்டைப் படம் எடுத்து, 'இந்த வாரம் எங்களைத் தோற்கடித்தவர்' என்று தலைப்புப் போட்டு எழுதிவிட்டாய்.

கல்லூரி மொத்தமும் சிரித்தது. "மானம் போகுதுடா, அந்தக் கமெண்ட் பெட்டியையாவது மூடித் தொலை" என்று கத்தினேன். நீ டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாத்துக்குடா மூடணும்? சும்மா பேஜார் பண்ணாத. எங்க பக்கம் கரைக்கு வர்ற போட்டுக்காரன், கடல் எப்டி கீதுன்னு அடுத்து போறவன்கிட்ட சொல்லிட்டுதான் வூட்டுக்குப் போவான். யாரும் கேக்கக்கூட வேணாம். இன்னிக்கு சிரிக்கிறவன் நாளைக்கு எதுனா சொல்ல வருவான்டா. வந்து பாத்தா கதவு மூடிக்கினு இருந்தா?"

அடுத்த மழைக்கு அந்தப் பதிவின் கீழே ஓர் அக்கா எழுதினார். "தம்பி, மாடு இருக்கட்டும். எங்க தெருவுல இப்ப கணுக்கால் தண்ணி. ஸ்கூட்டி போகுது." நீ உடனே நன்றி சொல்லிப் பதில் போட்டாய். யார் எழுதினாலும் பதில் போடாமல் நீ தூங்கியதில்லை. நான் சென்சாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு ப்ளாகைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. எந்தப் பதிவைப் பார்த்தாலும் கீழே உன் பெயர். பார்க்கவும் முடியாமல், விடவும் முடியாமல் மாதக்கணக்கில் தவித்தேன். கடைசியில் மொத்தத்தையும் அழித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். போன வாரம், விடிந்தும் வெளிச்சம் வராமல் மழை கொட்டிய காலையில், அதற்காகத்தான் உள்ளே போனேன்.

மாட்டுப் பதிவின் கீழே கமெண்டுகள் வந்துகொண்டே இருந்தன. பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், வண்டலூர் என்று எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். "ஏரிக்கரை ரோட்டுல முட்டி அளவு, பைக் வேணாம்." "கோயில் பின்னாடி சந்து காலியா இருக்கு, ஆட்டோ போகுது." நம் கருவி ஈரம் புகுந்து எப்போதோ செத்துவிட்டது, சரவணா. அது செத்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர்களுக்கு நடுவில் ஒரு பெண் எழுதியிருந்தார். "எங்க அப்பாவுக்கு இன்னைக்கு டயாலிசிஸ். போன தடவையே தவறிப்போச்சு, உடம்பு வீங்கியிருக்கு. செம்பாக்கத்துலேர்ந்து தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு எந்த வழியா கூட்டிட்டுப் போறது? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்."

அழிக்க வந்தவன் நான். அப்படியே விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தேன். நனைந்துபோய்த் திரும்பி வந்து, "எங்க தெருவுல கணுக்கால்தான், கார் வரலாம்" என்று எழுதினேன். நம் ப்ளாகில் நான் போட்ட முதல் கமெண்ட் அதுதான். எனக்குப் பிறகு அடுத்த தெருக்காரர் எழுதினார், அவருக்குப் பிறகு இன்னொருவர். தெருத்தெருவாக அந்தப் பெண்ணுக்கு வழி சேர்ந்துகொண்டே போனது. நான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

மெயின் ரோட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம் மட்டும் பாக்கி. அங்கே முட்டி அளவு தண்ணீர். இன்னும் ஏறுமா, வடியுமா என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்போது ஒரு கமெண்ட் வந்தது. பெயர், சரவணன். பக்கத்தில் நீ பல்லைக் காட்டும் அதே போட்டோ.

"இங்க கோவளம் முகத்துவாரத்துல தண்ணி வேகமா கடல்ல இறங்கிக்கினு கீது. உங்க பக்கத்துத் தண்ணியும் இங்கதான் வரணும். வடியும். கொஞ்சம் பொறுத்துக் கூட்டிக்கினு போம்மா."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உன் நம்பருக்கே போன் போட்டேன். எடுத்தது உன் அம்மா. யார் எழுதியது என்று கேட்டேன்.

"நான்தாம்பா பேசினேன். எனக்கு எழுதத் தெரியாதுன்னு, மைக்கைத் தட்டிப் பேசும்மா, அதுவே எழுதிக்கும்னு புள்ள சொல்லிக் குட்த்திருக்கானே. உங்க ப்ளாகை இந்த போன்தான் எனக்குப் படிச்சுக் காட்டும். மழைன்னா தெனம் கேப்பேன். அவன் பேர்ல வந்துட்சா? தப்பாப்பா?"

தப்பே இல்லைம்மா என்றேன்.

பகலில் அந்தப் பெண் மறுபடி எழுதினார். "தண்ணி இறங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. எல்லாருக்கும் நன்றி. சரவணன் சாருக்கு ரொம்ப ரொம்ப நன்றி." சாராம். நீயும் ஒரு சார் ஆகிவிட்டாய், பார்த்தாயா?

அதை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "பதில் போடணுமேப்பா. அவன் எல்லாருக்கும் போடுவானே" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பரவால்லம்மா. அப்பாவைப் பாத்துக்கோ."

இவர்களை எல்லாம் நீ எப்படிடா நம்பினாய்? முகம் தெரியாதவர்கள் முட்டித் தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? ஒரு கம்பத்தில் ஒரு சென்சாரை மாட்டிவிட்டு நான் விஞ்ஞானி மாதிரி திரிந்தேனே.

ஒரு பதிவையும் அழிக்க மாட்டேன், சரவணா. இனி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் எழுதுகிறேன். எதில் தோற்றாலும் எழுதுகிறேன், மாடு வந்தாலும் எழுதுகிறேன். கேட்கிறவர்களுக்குப் பதில் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். உன் பெயரில் அம்மா பேசட்டும்.

உன் அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை, உனக்கு என்றும் மச்சான்,
ஜெபின்