பதின்மூன்றும் பதினான்கும்

12.02.2024
மகன் சிவதர்ஷனின் இரத்தப் பரிசோதனை முடிவு கொழும்பிலிருந்து வந்தது. பதின்மூன்றாம் நிறமூர்த்தம் (குரோமோசோம்) பதினான்காவதோடு ஒட்டிக்கிடக்கிறது. எதுவும் தொலையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. ஆளுக்கு நோயில்லை, விந்தணு மட்டும் மிகச் சொற்பம். எட்டு வருடமாக மருமகள் விதுர்ஷாவுக்குத்தான் மருந்து, ஸ்கான், கோயில் நேர்த்தி. குடி, குலம் எல்லாம் தாய்வழியே வருகிற ஊரில் குறையையும் பெண்ணிடமே தேடினோம். உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்த நானும்.

03.03.2024
பெற்றோரின் இரத்தமும் வேண்டுமாம். என் கணவர் காலமாகி வெகு காலம். என் கையை நீட்டினேன்.

28.03.2024
என்னிடமிருந்துதான் போயிருக்கிறது.

மகனுக்குப் பிறகு எனக்கு இரண்டு கரு கலைந்தது. மாமியார் அன்னாசியைக் குற்றம் சொன்னார். நான் கணவரின் மோட்டார் சைக்கிளை. பாவம், அந்த மோட்டார் சைக்கிள்.

21.04.2024
விதுர்ஷாவின் தாய் சீதேவிப்பிள்ளை வந்தார். வேறொருவரின் விந்தைக் கொண்டு பிள்ளை பெறலாம் என்று டொக்டர் சொன்னாராம். இருவருக்கும் சம்மதமாம்.

“ஊர் என்ன சொல்லும்?” என்றேன்.

“என்னத்தச் சொல்லும் மச்சாள்? புள்ள என்ட மகள்ட வயித்துல பொறக்கும். எங்கட குடிதான். ஒங்கட மகனுக்கே பொறந்தாலும் ஒங்கட குடிக்கு வருமா? வராதே!”

குடிப் பேச்சை வாழ்நாளெல்லாம் ஏளனம் செய்தவள் நான். இன்று இரத்தம், இரத்தம் என்று அடித்துக்கொள்பவளும் நானே. விசித்திரம்.

28.04.2024
மகனிடம் சொல்லிவிட்டேன்: “அது உன்ட பிள்ளை இல்லடா.”

எழும்பினான். “அப்ப நான் இனி வரல்லம்மா.”

ஏன் சொன்னேன்? சொன்னது பிழையென்றால் திருத்தலாம். சரியானதைச் சொன்னேன் — அதை எப்படித் திருத்துவது?

19.06.2024
கொக்கட்டிச்சோலையில் மனைவி வீட்டில் இருப்பவன், ஞாயிறு தவறாமல் வாவி கடந்து வருவான். வருகிறானில்லை.

07.11.2024
விதுர்ஷாவுக்கு மூன்று மாதம். சொன்னது சீதேவிப்பிள்ளை. மகன் சொல்லவில்லை.

08.06.2025
பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்தபின் பிள்ளை பார்க்கப் போனேன். பெண். நல்ல நிறை, உரத்த தொண்டை.

சீதேவிப்பிள்ளை மடியில் வைத்தார். “பாருங்க மச்சாள், மருமகன்ட மூக்குத்தானே?”

அவருக்குத் தெரியாததா? விதுர்ஷா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம். அச்சொட்டா அவன்ட மூக்கு.”

மகன் கதவடியில் நின்றான், கேட்டிருப்பான். தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அம்மா என்று கூப்பிடவில்லை.