சிப்பிச் சுவர்

அன்பு றொசானா,

மடு மாதாவின் துணையால் நான் சுகம். உமக்குத் தடிமல் மாறிவிட்டதா?

எங்கள் வெறுங்காணியில், கட்டப்போகும் வீட்டின் சுவர்களை நிலத்தில் சிப்பிகளால் வரிசை பிடித்து, காற்று கலைப்பதைத் தினமும் திருத்துகிறீர். ஞாயிறன்று வீடியோவில், "நில்லுங்கோ, கழுதை குசினிச் சுவருக்குள்ளால வந்திட்டுது" என்று நீர் அதைக் கலைக்க ஓடியபோது, என்னோடு அறையில் இருப்பவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். நீர் அதைக் கேட்டுவிட்டீர். போனில் பேச முகமில்லாமல் எழுதுகிறேன்.

இந்த வெளிநாட்டில் நாள் முழுக்கப் பிறருடைய வீடுகளுக்குக் கல் சுமக்கிறேன். எங்கள் வீட்டை மனதில்கூட ஒருநாளும் கண்டதில்லை. வேலை முடிந்தால் சீட்டாட்டம்தான். நேற்றுமுதல் மேசன் மில்ரன் அண்ணனிடம் கல் வைக்கப் பழகுகிறேன். முதல் வரிசையே கோணல்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. வாசல் எந்தப் பக்கம் என்று எழுதும். ஊருக்கு வரும்போது நானும் சுவருக்குள்ளால் நுழைந்துவிடக் கூடாது.

டினேஷ்