கண்ணாடியில் ஒரு தூசி

2006 ஆடி, செவ்வாய்

பத்திகினு வருது எனக்கு. அடிக்கடி தலை சுத்துதே, தலைசுத்தல் ஆராய்ச்சி நடக்குதுன்னு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெட்டி மாதிரி ஒரு கண்ணாடியைக் கண்ணுல மாட்டி நிக்க வெச்சாங்க. உள்ளே கம்ப்யூட்டர் காட்டுற கோடுங்க என்னைச் சுத்தி ஓடிச்சு. தலைசுத்தல் இருக்கறவங்க தள்ளாடிடுவாங்களாம். நான் அசையல. கண்ணாடியில ஒரு தூசி ஒட்டிகினு இருந்துச்சு. இருபது வருஷமா தறியில உக்காந்தவ நான். பிசிறு தெரிஞ்சா கண்ணு அங்கேயே நின்னுடும். அதையே பாத்துகினு நின்னுட்டேன், கோடு ஓடினது தெரியவே இல்ல.

"தூசி இருக்குதுங்க, தொடச்சிட்டு மறுபடி மாட்டுங்க"ன்னேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்மா"ன்னு சிரிச்சார் டாக்டர். குறை இல்லன்னு எழுதிட்டார்.

ஆரணியில பஸ்ஸை விட்டு இறங்கினதும் ரோடே சுத்திச்சு. கம்பத்தைப் புடிச்சிகினேன். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி சீட்டைப் படிச்சார். "ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கே. காலையில தறியில உக்காரு, சும்மா பேஜார் பண்ணாத."

புடவையில ஒரு பிசிறு இருந்தா மொதலாளி என் மூஞ்சியில விட்டெறிவார். அவங்க கண்ணாடியில தூசி இருந்தா, அதுக்கும் நான்தான் வைத்தியம் இல்லாம திரும்பி வரணும்.

இப்ப இந்த நோட்டுல இருக்கற கோடெல்லாம் ஓடுது. புடிச்சிக்க ஒரு தூசிகூட இல்ல.