ஐந்தாவது நாற்காலி

இன்று காலை தாலுகா கச்சேரிச் சேவகன் ஒரு காகிதத்தை நீட்டினான். பாசனச் சானல் தண்ணீர் ஆலோசனைக் கமிட்டியைப் புதுப்பித்திருக்கிறார்களாம். ஒன்பது மெம்பர்கள். என் பெயர் வழக்கம்போல் மூன்றாவது. கீழே கடைவரம்புக்காரர்கள் நால்வர். அதில் உம்முடைய பெயர் இருந்த இடத்தில் உம் மகன் பெயர். நீர் கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அந்த நாற்காலிக்கு ஆள் பிடித்துவிட்டார்கள். மை வாடை போகாத அந்தக் காகிதத்தை இரண்டுதரம் வாசித்தேன். எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று கேட்டால், முதலில் என்மேல்தான்.

கமிட்டிக்கு முன்னால் நம் ஊர்களுக்கு நடுவே எங்கும் எழுதிவைக்காத ஓர் ஏற்பாடு இருந்தது. சானல் எங்கள் வயல்களை நனைத்துவிட்டு ஏழெட்டு மைல் ஓடி உங்கள் கடைவரம்பில் முடியும். மழை பொய்த்த வருஷங்களில் பேச்சிப்பாறை அணையிலிருந்து விடுகிற தண்ணீர் எங்களைத் தாண்டாது. அப்போது நீர் முன்னால் நடக்க, உங்கள் ஊர் ஆண்கள் நாற்பது ஐம்பது பேர் மண்வெட்டியோடு கரைமேல் ஏறி வருவீர்கள். வழியிலுள்ள மடைகளையெல்லாம் வைக்கோலும் சேறும் வைத்து அடைத்துக்கொண்டே வந்து எங்கள் மடையையும் அடைப்பீர்கள். நாங்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவோம். நீங்களும் விடமாட்டீர்கள். ஏசி ஓய்ந்ததும் எங்கள் வீடுகளிலிருந்து கஞ்சியும் துவையலும் வரும். மூன்று நாளைக்கு அந்த அடைப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. நான்காம் நாள் நாங்களே பிரித்துக்கொள்வோம்.

“என்னவேய், ஒம்ம ஊருக் கஞ்சியில உப்பே இல்ல. அடுத்த வருசமும் இப்பிடின்னா நான் வரமாட்டேன் பாத்துக்கிடும்” என்று காலிச் சட்டியை நீட்டிக்கொண்டே ஒருமுறை என்னிடம் சொன்னீர். சண்டைக்கு வந்த மனிதரோடு அப்படித்தான் எனக்குச் சிநேகம் உண்டாயிற்று.

பிறகு மராமத்து இலாகாக்காரர்கள் கமிட்டி வைத்தார்கள். தாசில்தார் தலைவர். மேலிருந்து ஐந்து மெம்பர், கீழிருந்து நான்கு. கமிட்டி ஆலோசனை சொல்லும், அதைக் கேட்பதும் கேட்காததும் எஞ்சினீயர் இஷ்டம். முன்பெல்லாம் அவரே வயலைப் பார்த்துவிட்டு ஷட்டரைத் திருப்பச் சொல்வார். கமிட்டி வந்தபின், ஆலோசனை வராமல் நான் எப்படித் தொடுவது என்று கையைக் கட்டிக்கொண்டார். இனிமேல் யாரும் கரைமேல் ஏறிவந்து மடை அடைக்கக் கூடாது என்று முதல் கூட்டத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். உம் ஊரில் பாதிப்பேருக்கு அது பிடிக்கவில்லை. நீரும் தயங்கினீர்.

“உக்காந்து பேசுததுக்கு ஒரு எடம் வேணும்லா வேய். எத்தன காலத்துக்குத்தான் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு நடக்க? ஆனா எங்காளுவ நாலு, ஒம்மாளுவ அஞ்சு. அதுதான் யோசன” என்றீர்.

“அந்த அஞ்சுல நானும் உண்டு. ஒம்மக் கைவிடமாட்டேன். போடும் கையெழுத்த” என்றேன்.

போட்டீர்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் துலா மழை ஏமாற்றிற்று. கும்பப்பூப் போகத்துக்கு நட்ட பயிர், கதிர் தொண்டையில் நிற்கிற சமயம், உங்கள் பக்கம் வயல் வெடித்துவிட்டது. மேல்மடைகளை ஐந்து நாள் அடைப்பதைப் பற்றி ஆலோசிக்கக் கூட்டம் போட்டார்கள். மெம்பர்களில் ஐந்து பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். மேலிருந்து ஒருவர் வந்தால் போதும். அந்த ஒருவர் நானாகத்தான் இருப்பேன் என்று உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும், என் அண்ணனுக்கும் தெரியும்.

வண்டி பூட்டப்போகிற நேரத்தில் அண்ணன் வந்தார். “லேய், நீ போயி உக்காந்தாத்தான் கூட்டம். உக்காரல்லேன்னா ஒண்ணுமில்ல. தண்ணி தரமாட்டோம்னு நாம சொன்னோமா? ஆரு வயித்துலயும் அடிக்கல்ல. சும்மா வீட்டுல கெட” என்றார்.

எவ்வளவு சுளுவான வழி! எதிர்த்து ஒரு வார்த்தை பேச வேண்டாம், கெட்ட பெயரும் வராது. வீட்டில் மனைவிக்குக் கடுங்காய்ச்சல் என்று ஒரு சீட்டு எழுதிக் கச்சேரிக்கு அனுப்பினேன். என் வயலும் அந்த வாரம் தண்ணீர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை மறைத்து எழுத இப்போது எனக்கு வயசில்லை.

நீங்கள் நால்வரும் சாயங்காலம்வரை காத்திருந்தீர்களாம். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. சட்டப்படி அடுத்த கூட்டத்துக்குப் பதினைந்து நாள் இடைவெளி வேண்டும். மறுநாளே உம் ஊர்க்காரர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையில் கூடினார்கள். நீர்தான் குறுக்கே நின்றீர். “கமிட்டியில நான் கையெழுத்துப் போட்டுருக்கேன். என்னத் தாண்டிப் போறவன் போட்டும்” என்றீராம். யாரும் தாண்டவில்லை. அன்றைக்கு உம் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

மூன்றாம் நாள் வெயிலோடு வெயிலாக நடந்து என் வீட்டுக்கு வந்தீர். தோளில் ஒரு துணிப்பொதி. உள்ளே நிலவேம்பும் இரண்டு கருப்பட்டியும். காய்ச்சலுக்கு உங்கள் பக்கத்து நிலவேம்புதான் கேட்கும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தீர். வயலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அப்போதுதான் தலையில் புல்லுக்கட்டோடு என் மனைவி தொழுவத்துப் பக்கமிருந்து வந்தாள்.

“அண்ணாச்சி எப்ப வந்திய?”

“இப்பத்தான் தங்கச்சி. ஒடம்பு சொகமா?”

“எனக்கென்ன, கல்லுபோல இருக்கேன்.”

அவளிடம் நான் எதுவும் சொல்லிவைக்கவில்லை. நீர் அவளைப் பார்த்தீர். பிறகு என்னைப் பார்த்தீர். இரண்டு வார்த்தை கெட்டதாகப் பேசியிருக்கலாம், முன்னே மடைக்கரையில் ஏசியதுபோல. “இது ஆருக்காவது ஆவும், வச்சுக்கிடும்” என்று பொதியை வைத்துவிட்டு எழுந்தீர். அவள் மோர் கொண்டுவந்தாள். வேண்டாமென்று நடந்துவிட்டீர்.

போனபிறகாவது உம் ஊர்க்காரர்களை ஏறிவர விட்டிருக்கலாம் நீர். விடவில்லை. நான் ஏமாற்றியதற்காக நீர் போட்ட கையெழுத்து இல்லையென்று ஆகிவிடாது என்று நினைத்தீரோ என்னவோ. அந்த வீம்பின்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

பதினைந்தாம் நாள் கூட்டத்துக்கு ஒன்பது பேரும் வந்தோம். காப்பியும் முறுக்கும் கொடுத்தார்கள். கடைவரம்புக்கு உடனே தண்ணீர் விடலாம் என்று ஏகமனதாக ஆலோசனை சொன்னோம். நீர் ஒரே ஒருதரம் வாயைத் திறந்தீர். “மாடு குடிச்சுக்கிடும்” என்றீர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். உங்கள் பயிர் முழுக்க மணி பிடிக்காமல் சாவியாகிப் போயிருந்தது.

அதற்குப்பின் உம் ஊரில் உமக்குக் ‘கமிட்டிக்காரர்’ என்றே பெயராயிற்று. ஊர்ச் சபைக் கூட்டத்தில்கூட உம் பக்கத்தில் உட்காரமாட்டார்களாம். மேலூர்க்காரன் கொடுத்த காப்பிக்கு நீர் ஊரை விற்றுவிட்டதாகப் பேசினார்கள். இதெல்லாம் கோட்டாற்றுச் சந்தையில் என் காதுக்கு வந்தது. நான் மிளகாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று மத்தியானம் உம் மகன் வந்தான். அவனுக்கும் அதே காகிதம். சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கச்சேரிக்குத் திருப்பி அனுப்பவேண்டும்.

“ஊர்ல வேண்டாம்னு சொல்லுகாவ மாமா. ஒங்களக் கேக்காமப் போடப்பிடாதுன்னு வந்தேன்.”

“என்ன ஏன் கேக்கணும்?”

“அப்பா எப்பவும் சொல்லும், கமிட்டியில ஆருமேலயும் குத்தம் இல்ல, அண்ணைக்கு மாமிக்குக் கடுங்காய்ச்சல், இல்லேன்னா நீங்க வந்திருப்பிய, தண்ணியும் வந்திருக்கும்னு. அப்பிடித்தானே மாமா?”

அடுக்களை வாசலில் என் மனைவி ஈரக்கையோடு நின்றாள். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வாய்வரைக்கும் வந்தது.

“ஆமா மக்கா” என்றேன்.

அவன் என் பேனாவையே வாங்கி, என் முன்னாலேயே கையெழுத்துப் போட்டான்.

என் மானத்தைக் காப்பாற்ற உம் மானத்தை விட்டீர். சாகும்வரைக்கும் அந்தப் பொய்யை உம் வீட்டில் உண்மையாக வைத்திருந்தீர். இந்தத் தயவை நான் உம்மிடம் கேட்டேனா? செரிக்காத சோறுபோல் அது என் நெஞ்சில் கிடக்கிறது, நான் கட்டையில் போகும்வரை கிடக்கும். ஒரே ஒருதரம் நீர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், உம் மகன் இன்று என்னை நம்பி என் வீட்டுப் படி ஏறியிருக்கமாட்டான்.